11 வருடம் போர்ச்சில் கிடந்த மோரிஸ் மைனர்

செம்பவாங்கிலிருந்து:

வருடக்கணக்கில் நிறுத்தி வைத்த பழைய காரை மறுபடி ஓட்டியவர்கள் இருந்தால் எழுதுங்கள் என்று கேட்டிருந்தீர்கள். எங்கள் வீட்டுக் கதை கொஞ்சம் நீளம். கோப்பி கலக்கிக்கொண்டு வந்து உட்காருங்கள்.

அப்பா முதலில் இங்கே சிங்கப்பூரில், செம்பவாங் கடற்படைத் தளத்தில் ஃபிட்டர், 1968க்குப் பிறகு அதே இடத்தில் கப்பல் பட்டறையில். 1971இல் பிரிட்டிஷ் படை மூட்டை கட்டியபோது, ஊர் திரும்பிய துரை ஒருவரிடம் வாங்கிய வண்டி இது. 1963ஆம் வருட மோரிஸ் மைனர் 1000, 1098 சிசி. எங்கள் பள்ளிக்கூடம், அக்கா கல்யாணம், தைப்பூசத்துக்குத் தேங்காய் மூட்டை எல்லாம் அதில்தான் போய் வந்தன. கடைசி வருடங்களில் அது பழைய வண்டிகளுக்கான கிளாசிக் திட்டத்துக்கு மாறியிருந்தது. 35 வயது தாண்டிய வண்டிக்கு அது கிடைக்கும்; வருடத்துக்கு 45 நாள்தான் சாலையில் எடுக்கலாம்.

அப்பா 2012இல் தவறினார். அம்மா அதை விற்கவும் விடவில்லை, எங்களைத் தொடவும் விடவில்லை. நான் செய்தது ஒரே காரியம்: பிளாஸ்டிக் தார்ப்பாய் ஒன்று வாங்கி மேலே போட்டுக் கட்டினேன். போடாமலே இருந்திருக்கலாம். நம் ஊர் ஈரம் உங்களுக்குத் தெரியும். காற்றுப் போகாத தார்ப்பாய்க்குள் வண்டி இரவெல்லாம் வேர்த்து, பகலெல்லாம் வெந்தது. மேலே மடிப்பில் மழைத் தண்ணீர் தேங்கி, கொசு சோதனைக்கு வந்த அதிகாரியிடம் பாட்டு வாங்கியதுதான் மிச்சம். கூரை போட்ட போர்ச் இருந்தால் பருத்தித் துணி உறை போதும்.

2023இல், என்ன நினைத்தாரோ, அம்மாவே சாவியை எடுத்துக் கொடுத்தார். கதவைத் திறந்தால் பூஞ்சை நெடி. டேஷ்போர்டு பெட்டியில் பல்லி முட்டை ஓடுகள், எலி கடித்த ஒயர்த் துண்டுகள். அவற்றுக்கு அடியில் பழைய கார் நிறுத்தக் கூப்பன் கட்டு ஒன்று, நேரத்தைக் காட்டக் கிழித்த ஓட்டைகள் அப்பா கிழித்தபடியே. அதை வைத்துக்கொண்டு நானும் அண்ணனும் கொஞ்ச நேரம் பேசாமல் நின்றோம். அப்புறம் அண்ணன், "பேட்டரி வாங்கி மாட்டித் திருகிப் பார்க்கலாமா?" என்றார்.

நல்லவேளை அன்று மாட்டவில்லை. சின் மிங் பக்கம் பட்டறை வைத்திருந்து ஓய்வுபெற்ற சீனர் ஒருவரை அழைத்து வந்தோம். எழுபது தாண்டியவர். எங்களுக்குள் மொழி பாசார் மலாய், அதாவது சந்தையில் பேசும் மலாய்தான். வண்டியைச் சுற்றி வந்தார், குனிந்து பார்த்தார், எஞ்சின் மூடியைத் திறக்கவே இல்லை. "பிரேக் டூலு" என்றார். முதலில் பிரேக். ஓடாத வண்டிக்குப் பிரேக் எதற்கு என்று எனக்கு எரிச்சல். ஓடிவிட்டால் எதை வைத்து நிறுத்துவாய் என்று அவர் கேட்டார்.

மைனரில் பிரேக் மாஸ்டர் சிலிண்டர் எஞ்சின் பக்கம் இருக்காது. ஓட்டுநர் காலடியில், தரைக்குக் கீழே, வண்டியின் இரும்புச் சட்டத்துக்குள் ஒளிந்திருக்கும். விரிப்பைத் தூக்கி, ரப்பர் மூடியை எடுத்தால்தான் எண்ணெய் ஊற்றும் வாய் தெரியும். உள்ளே எண்ணெய் இருந்த இடத்தில் பழுப்பு நிறக் கூழ். பிரேக் எண்ணெய் காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொள்ளும் சாதி. 11 வருடத்தில் எவ்வளவு இழுத்திருக்கும் பாருங்கள். முன் சக்கரத்துக்கு இரண்டிரண்டு, பின் சக்கரத்துக்கு ஒவ்வொன்று என்று மொத்தம் ஆறு வீல் சிலிண்டர், ஆறும் துருவேறி இறுகிப்போயிருந்தன. எல்லாவற்றையும் பிரிட்டனிலிருந்து வரவழைத்தோம். 16 லட்சத்துக்கு மேல் செய்த வண்டி என்பதால் உதிரிப் பாகம் இன்னும் புதிதாகவே கிடைக்கிறது. விலையும் பயந்த அளவுக்கு இல்லை, கூரியர் கட்டணம்தான் வலித்தது.

நான் செய்த கஞ்சத்தனம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். மூன்று ரப்பர் பிரேக் குழாய்கள் வெளியே பார்க்க நன்றாகத்தான் இருந்தன. விரிசல் இல்லை. அதனால் பழையதையே மாட்டச் சொன்னேன். பெரியவர் ஒன்றும் சொல்லவில்லை, மாட்டினார். பிரேக் மிதித்தேன், பிடித்தது. காலை எடுத்தேன், இடது முன் சக்கரம் விடவில்லை. கையால் சுற்றிப் பார்த்தால் அசையவே இல்லை. குழாய் உள்பக்கம் ஊதி, துளை அடைத்துப் போயிருக்கிறது. மிதிக்கிற அழுத்தத்துக்கு எண்ணெய் உள்ளே போகும், திரும்பி வர வழி இல்லை. பெரியவர் அந்தக் குழாயைக் கத்தியால் நெடுகப் பிளந்து என் கையில் கொடுத்துவிட்டு, தே ஓ (பால் இல்லாத தேநீர்) குடிக்கப் போய்விட்டார். மூன்றும் புதிது வாங்கினேன்.

அடுத்தது எஞ்சின். நான்கு ஸ்பார்க் பிளக்கையும் கழற்றி, ஒவ்வொரு துளையிலும் ஒரு கரண்டி எண்ணெய் விட்டு இரண்டு நாள் அப்படியே விட்டோம். மைனருக்கு முன்பக்கம் கம்பி செருகிக் கையால் சுற்றும் வசதி உண்டு. அசையவில்லை. அசிட்டோனும் ஆட்டோ கியர் எண்ணெயும் பாதிக்குப் பாதி கலந்து ஊற்றி, தினம் காலையில் வேலைக்குப் போகும் முன் கம்பியை ஒருமுறை மெல்ல அழுத்திப் பார்ப்பேன். எட்டிக் குதித்து மிதித்தால் பிஸ்டன் வளையம் உடையும் என்று பெரியவர் மிரட்டி வைத்திருந்தார். ஐந்தாம் நாள், "டக்" என்று ஒரு சின்னச் சத்தம். ஒரு விரல் அகலம் நகர்ந்தது. வேலைக்கு அரை மணி நேரம் தாமதமாகப் போனேன்.

பழைய எண்ணெயை வடித்தபோது முதலில் வந்தது தண்ணீர், பிறகுதான் கறுப்பாக எண்ணெய். பெட்ரோல் டாங்க் வார்னிஷ் நாற்றம். அதைக் கழற்றி ஒதுக்கிவிட்டு, ஒரு லிட்டர் டப்பாவில் புது பெட்ரோல் வைத்துக் குழாயை நேராகப் பம்பில் செருகினோம். பிளக் இல்லாமலே எஞ்சினைச் சுற்றவிட்டு, எண்ணெய் விளக்கு அணைந்த பிறகுதான் பெரியவர் பிளக்கை மாட்டினார்.

இங்கேயும் ஒரு கூத்து. அப்படிச் சுற்றவிடுவதற்கு முன் என் மகன் பேட்டரியை மாட்டினான். எல்லா வண்டியிலும் போல மைனஸை உடம்போடு சேர்த்தான். இது பிளஸ் உடம்போடு சேர வேண்டிய வண்டி! சாவியைத் திருப்பும் முன் பெரியவர் பார்த்துவிட்டார். இல்லையென்றால் டைனமோவின் கட்டுப்பாட்டுப் பெட்டி புகைந்திருக்கும். மாற்றி மாட்டிச் சாவியைத் திருப்பியதும் பெட்ரோல் பம்ப் டிக் டிக் டிக் என்று அடித்து, கார்புரேட்டர் நிரம்பியதும் நின்றது. சமையலறையிலிருந்து அம்மா எட்டிப் பார்த்தார். அந்தச் சத்தத்தை நாங்கள் யாருமே மறந்திருக்கவில்லை.

அன்று எஞ்சின் ஓடியது. கறுப்புப் புகை, பக்கத்து வீட்டில் ஜன்னல் மூடும் சத்தம், எல்லாம் உண்டு. மீதியைப் பிறகு எழுதுகிறேன்.

தோ பாயோவிலிருந்து:

அண்ணே, நீங்கள் எழுதியதைப் படித்ததும் என் ஃபோக்ஸ்வாகன் பீட்டில் கார் ஞாபகம் வந்துவிட்டது. மாமா வீட்டில் ஆறு வருடம் கிடந்தது. அது காற்றில் குளிரும் எஞ்சின், ரேடியேட்டர் கிடையாது. எஞ்சின் ஓடியது, பத்தே நிமிடத்தில் தகித்தது. கழற்றிப் பார்த்தால் காற்று ஊதும் தகரக் கூட்டுக்குள் எலி ஒரு குடும்பமே நடத்தியிருக்கிறது. பஞ்சு, காய்ந்த இலை, வேர்க்கடலைத் தோல்.

அதைவிடப் பயந்தது வேறு. துணி சுற்றிய பழைய பெட்ரோல் குழாய் வெடித்து, சூடான எஞ்சின்மேல் சொட்டியது. நல்லவேளை வாசனை வந்ததுமே அணைத்துவிட்டேன். யார் எடுத்தாலும் சரி, குழாய் எல்லாம் மாற்றி, தீயணைப்பான் ஒன்றைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு சாவியைத் தொடுங்கள். வீட்டம்மா இன்னும் அந்த வண்டியில் ஏற மாட்டேன் என்கிறார்.

ஈசூனிலிருந்து:

டயரைப் பற்றி யாரும் சொல்லவில்லையே? பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும். 0809 என்றால் 2009இன் எட்டாவது வாரம் செய்தது. மேல்பட்டை புதிது போலவே இருக்கும், நம்பாதீர்கள். என் அத்தானின் டட்சனில் அப்படி நம்பித்தான் எஸ்எல்இ விரைவுச்சாலையில் பட்டை பிய்ந்தது. செம்பவாங் அண்ணனிடம் ஒரு கேள்வி: ஈயம் கலக்காத பெட்ரோல் இந்தப் பழைய எஞ்சினுக்கு ஒத்துக்கொள்கிறதா? ஏதாவது மருந்து ஊற்ற வேண்டுமா?

செம்பவாங்கிலிருந்து:

தம்பி, ஐந்து டயரும் மாற்றினேன், உபரிச் சக்கரம் உட்பட. பெட்ரோலுக்கு வருகிறேன். சிங்கப்பூரில் ஈயப் பெட்ரோல் 1998இல் நின்றது. அதற்குப் பிறகு அப்பா பதினான்கு வருடம் சாதாரணப் பெட்ரோலில்தான் ஓட்டினார். ஈயம் வால்வு உட்காரும் இடத்துக்கு மெத்தை மாதிரி. அது இல்லாமல் நெடுஞ்சாலையில் தினம் விரட்டினால் தேயும். வருடத்துக்கு 45 நாள், மணிக்கு அறுபதில் போகிற வண்டிக்கு எனக்குத் தெரிந்து அவசரமில்லை. என்றைக்காவது எஞ்சின் தலையைக் கழற்றினால் வால்வு உட்காரும் இடத்தில் கடினமான வளையம் போட்டுக்கொள்வேன். மாய பாட்டிலுக்குக் காசைக் கொட்டவில்லை.

வண்டியைச் சாலையில் எடுப்பதற்கான வாகனச் சோதனையில் முதல் தடவை விழுந்தோம். கைபிரேக் ஒரு பக்கம் கூடுதலாகப் பிடித்தது. இரண்டாம் தடவை சரி.

இன்னொன்று, மைனர் வைத்திருப்பவர்களுக்கு மட்டும். முன் சக்கரத்தைத் தாங்கும் டிரன்னியனுக்குக் கிரீஸ் அடிக்காமல் விட்டால் மரை தேய்ந்து, ஒருநாள் திருப்பத்தில் சக்கரம் மடங்கி வண்டி முழங்கால் போடும். எங்களுடையதில் கிரீஸ் கல்லாகியிருந்தது. பழையதைச் சுரண்டி எடுக்க ஒரு சனிக்கிழமை போயிற்று.

முதல் நாள் ஓட்டம் செம்பவாங் பூங்கா வரைக்கும்தான். அம்மாவை முன்னால் உட்காரச் சொன்னோம். மாட்டேன் என்று பின்னிருக்கையில் இடது ஓரமாக ஏறிக்கொண்டார். முன்னிருக்கை எப்போதும் அண்ணனுக்கு, மடியில் நான். கடற்கரையில் ஒரு சின்னப் பையன் எஞ்சின் மூடியின் நடுவில் ஓடும் தட்டையான பட்டையைத் தடவி, இது என்ன என்று கேட்டான். வண்டியை வடிவமைத்த இஸிகோனிஸ் கடைசி நேரத்தில் மாதிரி வண்டியை நெடுகப் பிளந்து நான்கு அங்குலம் அகலமாக்கினார், அந்தச் சேர்ப்புதான் இது என்றேன். பையனுக்கு நம்பிக்கை வரவில்லை.

மறுநாள் காலை போர்ச் தரையில் மூன்று சொட்டு எண்ணெய். இவ்வளவு செலவு செய்தும் ஒழுகுகிறதே என்று நான் குனிந்து தேடிக்கொண்டிருந்தேன். அம்மா உள்ளே போய், நசுங்கிய பழைய அலுமினியத் தட்டு ஒன்றைக் கொண்டுவந்தார். அப்பா வைத்திருந்த அதே தட்டு. இத்தனை நாள் எங்கே வைத்திருந்தார் என்று யாருக்கும் தெரியாது. தரையில் முன்பே இருந்த கறுப்பு வட்டத்தின்மேல் சரியாக வைத்துவிட்டு, பூப்பறிக்கப் போய்விட்டார்.