மார்பில் சாய்த்த முதல் நாள்: கங்காரு முறை அனுபவங்கள்

பொருநைக்கரையான்:
31ஆம் வாரத்தில் பிறந்தாள். எடை 1,320 கிராம். என் மனைவி இரத்தக் கொதிப்பு இறங்காமல் வேறு தளத்தில் படுத்திருந்ததால், குறைமாதக் குழந்தையை வெற்று மார்போடு சேர்த்து வைத்துக்கொள்ளும் கங்காரு முறைக்கு என்னைத்தான் அழைத்தார்கள். முதல் இரண்டு நாளும் ஏதேதோ சாக்குச் சொல்லித் தட்டிக்கழித்தேன். பால் பீய்ச்சிக்கொண்டிருந்த தாய்மார்களுக்கு நடுவே சட்டையைக் கழற்றி உட்காரக் கூசியதே உண்மையான காரணம். மூன்றாம் நாள் ஒரு செவிலியர் திரையை இழுத்துவிட்டு, ஒரு சொல்லும் பேசாமல் நாற்காலியைத் தட்டிக் காட்டினார். தொப்பி, காலுறை, டயப்பர் தவிர வேறொன்றும் அணியாதிருந்தவளை என் நெஞ்சின் நடுவே தவளைபோல் கால் மடக்கி வைத்து, தலையை ஒரு பக்கம் திருப்பி, துணியால் சுற்றிக் கட்டினார். கனமே தெரியவில்லை, வெதுவெதுப்பு மட்டும் தெரிந்தது. சிறிது நேரத்தில் என் மார்முடியில் நான்கைந்தை இறுகப் பிடித்துக்கொண்டாள். வலித்தது. அந்த வலியோடு முக்கால் மணி நேரம் அசையாமல் இருந்தேன். அவளுக்கு இப்போது ஏழு வயது. அந்த இரண்டு நாள் கடன் மட்டும் என் கணக்கில் தீராமல் நிற்கிறது.

நெய்விளக்கு:
மேலே எழுதியவருக்கு வாய்த்தது எனக்கு வாய்க்கவில்லை. 34 வாரம், 1,760 கிராம். மார்பில் வைத்ததும் பாசம் ஊற்றெடுக்கும் என்று எல்லாரும் சொல்லியிருந்தார்கள். எனக்கு வந்தது பயம் மட்டுமே. மூச்சு விடுகிறதா என்று அதன் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தேன். யாரோ தம் குழந்தையைச் சற்று நேரம் வைத்திருக்கச் சொல்லிவிட்டுப் போனதுபோல் இருந்தது. பாலாடையைச் சரித்துக் கொடுக்கும்போது உதட்டை நனைத்து அது சப்புவதைக் கண்டும் மனம் கல்லாகவே கிடந்தது. நான்காம் மாதம் ஒரு நாள், என் அம்மா கால் நீட்டி அமர்ந்து அதைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தார். தலையில் வெந்நீர் விழுந்ததும் வீறிட்ட குழந்தை, அழுகையின் நடுவே கழுத்தைத் திருப்பித் தேடியது. கதவோரம் நின்ற என் முகம் கிடைத்ததும் அழுகை பாதியில் நின்றது. அதுவரை ‘அது’ என்றே சொல்லிவந்த நான், அன்று முதன்முறையாக, “அவன் என்னைத் தேடுகிறான், அம்மா” என்றேன். அதற்கு முந்திய நான்கு மாதமும் அவனுக்கு நான் யாராக இருந்தேன் என்பதுதான் இன்றும் உறுத்துகிறது.

பணிநிறைவு பெற்ற செவிலி:
தங்கையே, பெற்றவள் அப்படியெல்லாம் நினைக்கலாகாது. கலக்கத்தோடு ஊட்டினால் பால் வற்றிப்போகும். என் பணிக்காலத்தில் ஒரு பாட்டி, குழந்தைக்குச் சளி பிடிக்கும் என்று பயந்து, தூங்கிக்கொண்டிருந்த மருமகளின் மார்பில் கட்டியிருந்த துணியை இரவில் அவிழ்த்து, குழந்தையைத் தொட்டிலில் கிடத்திவிட்டார். விடியற்காலையில் பாதத்தைத் தொட்டேன், சில்லென்றிருந்தது. பிள்ளை பிழைத்துக்கொண்டது, அந்தச் சில்லிப்பு என் விரலை விட்டுப் போகவில்லை. ஆகவே பொருநைக்கரைத் தம்பிக்கும் சொல்கிறேன், முக்கால் மணி நேரம் போதாது. ஒரு தடவை வைத்தால் ஒரு மணி நேரமாவது வைத்திருக்க வேண்டும். அடிக்கடி தூக்கி இறக்குவது குழந்தையை அலைக்கழிக்கும். நாளொன்றுக்கு 8 மணி நேரத்துக்குக் குறையாமல், இயன்றால் முழு நாளும் வைக்கலாம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. 1978இல் கொலம்பியாவின் போகோட்டா நகரில், இன்குபேட்டர் பற்றாக்குறையால் எட்கர் ரேய் என்ற மருத்துவர் தொடங்கிவைத்த முறை இது. ஏழைக்கு ஏற்ற மாற்று ஏற்பாடு என்று இதைக் குறைத்துப் பேசியவர்களை நான் அறிவேன். இந்தியா உள்ளிட்ட ஐந்து நாடுகளில், 1 கிலோவுக்கும் 1.8 கிலோவுக்கும் இடைப்பட்ட குழந்தைகளை, உடல்நிலை சீராகும்வரை காத்திராமல் பிறந்த கையோடு மார்பில் வைத்துப் பார்த்தார்கள். முதல் 28 நாள் இறப்பு நான்கில் ஒரு பங்கு குறைந்ததாக 2021இல் அந்த ஆய்வு வெளியாயிற்று. கழுத்து மடங்காமலும் மூக்கு அழுந்தாமலும் பார்த்துக்கொள்ளுங்கள். நகத்தை வெட்டுங்கள், வாசனைத் திரவியம் பூசாதீர்கள். கருவுற்றிருப்பவர்கள் ஆறாம் மாதம் கடந்ததும் குழந்தையோடு பேசத் தொடங்குங்கள், கேட்கும்.

நெய்விளக்கு:
அம்மா, உங்கள் அனுபவத்துக்கு மதிப்பளித்தே சொல்கிறேன்: நான் ஆலோசனை கேட்கவில்லை. ‘பெற்றவள் அப்படி நினைக்கலாகாது’ என்ற இதே வாக்கியத்துக்கு அஞ்சித்தான் நான்கு மாதம் வாய் திறக்காமல் இருந்தேன். பிற்பாடு ஒரு மருத்துவர், பத்துக் கேள்விகள் கொண்ட எடின்பரோ வினாத்தாளைக் காட்டினார். கடந்த ஏழு நாளின் மனநிலையைக் கேட்கும் தாள் அது. நான் அந்தப் பழைய நாள்களை நினைத்துக்கொண்டு நிரப்பினேன். மகப்பேற்றுக்குப் பின்வரும் மனச்சோர்வாக இருந்திருக்கலாம், அப்போதே வந்திருக்கலாமே என்றார். பால் வற்றவில்லை. பதினெட்டு மாதம் குடித்தான்.

கடல்தாண்டி:
நான் கங்காரு முறை செய்தவன் அல்லன். செய்ய ஊரில் இருந்ததும் இல்லை. மனைவிக்கு ஐந்தாம் மாதம் நடக்கையில் தோஹாவுக்கு விமானம் ஏறினேன். தினமும் இரவு ஒன்பதரைக்கு அழைப்பேன். அவள் கைப்பேசியை வயிற்றோடு வைத்துக்கொள்வாள். பிறந்த பின் திரையில் முகம் பார்த்தோம். ஒரு மாத விடுப்பில் வந்தபோது மகளுக்கு வயது ஒன்றே கால். என்னைக் கண்டதும் ஆச்சியின் சேலைக்குள் புகுந்துகொண்டாள். அன்று இரவு ஒன்பதரைக்குக் கைப்பேசியை எடுத்துவந்து, “அப்பா, அப்பா” என்று திரையைத் தட்டினாள். நான் இரண்டு முழம் தள்ளி, கட்டிலில் உட்கார்ந்திருந்தேன். வேறு வழி தோன்றாமல் மொட்டைமாடிக்குப் போய் அங்கிருந்து அழைத்தேன். சிரித்துத் திரையில் வாயை வைத்து அழுத்தினாள். எட்டு நாள் அப்படியே மாடியிலிருந்து பேசினேன். ஒன்பதாம் நாள் மாடிப்படியின் உச்சியில் உட்கார்ந்து, கைப்பேசியிலும் நேரிலுமாக என் குரல் கேட்கும்படி அழைத்தேன். அதன்பின் இரவுக்கு ஒன்றிரண்டு படியாக இறங்கினேன். கூடத்துக்கு வந்து சேர்ந்தபோது விடுப்பில் நான்கு நாள் மிச்சம் இருந்தது.