பொம்மை மானை எந்தப் பக்கம் திருப்பி வைக்க வேண்டும்?

உசிலைக்காரன்:
என் மச்சான் அமெரிக்காவில் ஒஹாயோ மாநிலத்தில் இருக்கிறான். லைசென்ஸ் எடுத்து வில் வேட்டைக்குப் போகிறவன். வெள்ளைவால் மானை வரவழைக்க ஒரு பிளாஸ்டிக் கிடா மான் வாங்கியிருக்கிறானாம். எங்கள் பக்கம் அந்தக் காலத்தில் கூண்டில் பழக்கிய கௌதாரியை வைத்துக் காட்டுக் கௌதாரியைக் கூப்பிடுவார்கள், அதுவாவது கத்தும். இது சும்மா நிற்கிறதே, மான் ஏமாறுமா?

மேலூர் மாமா:
ஏமாறும் தம்பி, ஆனால் எல்லா நாளும் இல்லை. நானும் ஒஹாயோவில் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பியவன்தான். அங்கே நவம்பர்தான் இணை சேரும் காலம். கிடாக்கள் பெட்டையைத் தேடியும் சண்டைக்கும் அலையும், பொம்மை அப்போதுதான் எடுபடும்.

கிடாப் பொம்மை என்றால் முகம் வேட்டைக்காரன் உட்கார்ந்திருக்கும் பரணைப் பார்த்து இருக்கட்டும். வருகிற கிடா எதிராளியின் முகத்துக்கு நேரே வந்து நிற்கும். பெட்டைப் பொம்மைக்குப் பின்பக்கமாகத்தான் வரும், அதனால் அதைத் திருப்பி வைக்க வேண்டும். கொம்பு சின்னதாக இருப்பது நல்லது, பெரிய கொம்பைக் கண்டால் இளங்கிடா கிட்டவே வராது.

வால் இருக்கும் இடத்தில் ஒரு வெள்ளைத் துணிக் கீற்றைக் கட்டச் சொல்லுங்கள். காற்றில் அது ஒரு தடவை ஆடினால் போதும். தூரத்தில் தலை தூக்கி நிற்கும் கிடா காதைப் பின்னால் மடக்கும், முடி சிலிர்க்கும், காலை விறைப்பாக வைத்து ஓரடி ஓரடியாக வரும். பார்க்கவே தனி அழகு!

வாடைதான் பெரிய பகை. ரப்பர் கையுறை இல்லாமல் பொம்மையைத் தொடக் கூடாது. வீட்டில் மீன் வறுத்த வாடை ஏறிவிடும் என்று நான் அதைக் கொல்லையில் மரத்தடியில்தான் போட்டு வைப்பேன். வீட்டம்மாவுக்கு அதில் கொஞ்சம் வருத்தம்.

துப்பாக்கி சீசனில் பொம்மையே வேண்டாம். வில் சீசனிலும் காட்டுக்குள் சுமந்து போகும்போது ஆரஞ்சுத் துணி சுற்ற வேண்டும், தூரத்தில் இருப்பவனுக்கு அது மான்தானே.

நத்தம் தோப்பு:
மாமா, எங்கள் மாந்தோப்புப் பக்கம் புள்ளிமான் வருகிறது. இங்கே ஒன்று வைத்துப் பார்க்கலாமா?

மேலூர் மாமா:
ஜெயிலுக்குப் போக ஆசையா? 1972 வனவிலங்குச் சட்டப்படி பொறி, கண்ணி வைப்பது, இரை போட்டு இழுப்பது, முயற்சி செய்வதுகூட வேட்டைதான். கௌதாரிக்கும் இதே கதை. அங்கே அரசே சீசன் வைத்து லைசென்ஸ் தருகிறது. ஒஹாயோவிலும் கட்டுப்பாடில்லாமல் சுட்டு 1904 வாக்கில் மானே அற்றுப்போனது, அப்புறம் பாதுகாத்துப் பெருக்கியவைதான் இப்போது இருப்பவை.

உசிலைக்காரன்:
சரி மாமா, பரணிலிருந்து எவ்வளவு தூரத்தில் வைப்பது?

மேலூர் மாமா:
20 கஜம் போதும், காற்று வரும் திசையில். கிடா மோப்பம் பிடிக்கப் பொம்மையைச் சுற்றி, காற்று அடித்துப் போகும் பக்கம் வரும், அப்போது பரணுக்கும் பொம்மைக்கும் நடுவில் வந்துவிடும். புதருக்குள் ஒளித்து வைக்க வேண்டாம், திடீரென்று எதிர்ப்பட்டால் மிரண்டு ஓடிவிடும். அறுத்த சோளக்கொல்லை மாதிரி திறந்த இடமாகப் பார்த்து வைக்கச் சொல்லுங்கள்.