16, 17ஆம் மாத்திரைகளை விட்டுவிட்டேன். பீரியட்ஸையும் தள்ளிப்போட வேண்டும்

பின்னிரவு, செவ்வாய் இரவு 10.10

யாராவது விழித்திருந்தால் சொல்லுங்கள், குழம்பிப்போய் உட்கார்ந்திருக்கிறேன்.

இரண்டு வருடமாகக் கருத்தடை மாத்திரை போடுகிறேன். 28 மாத்திரை உள்ள அட்டை. 21 வெள்ளை, கடைசி வரிசையில் 7 பழுப்பு நிற இரும்புச்சத்து மாத்திரை. இரவு ஒன்பதரைக்குப் பல் துலக்கியதும் ஒன்று போட்டுக்கொள்வது பழக்கம். வாரக்கடைசியில் திடீரென்று இரவு ஷிப்ட் போட்டுவிட்டார்கள், பல் துலக்கும் நேரமே தலைகீழாகிவிட்டது. சற்றுமுன் பையை அடுக்கும்போது அட்டையைத் திருப்பிப் பார்க்கிறேன், ஞாயிறு, திங்கள் இரண்டு குமிழும் உடையாமல் அப்படியே இருக்கின்றன. எண்ணினால் 16, 17. கடைசியாகப் போட்டது சனிக்கிழமை இரவு. அதற்கு முன்னால் இந்த அட்டையில் ஒன்றைக்கூட விடவில்லை.

வெள்ளிக்கிழமை இரவு நானும் கணவரும் சேர்ந்திருந்தோம். ஆணுறை இல்லை.

இன்னொரு தலைவலியும் இருக்கிறது. வரும் திங்கள் முதல் வெள்ளி வரை மலையேற்றம். கூடாரத்தில் தூக்கம், கழிப்பறை என்றால் ஒரு புதரும் சின்ன மண்வெட்டியும்தான். எனக்கு எப்போதும் பழுப்பு மாத்திரை தொடங்கிய மூன்றாம் நாள் வந்துவிடும். கணக்குப் போட்டால் அது சரியாகத் திங்கட்கிழமை! பழுப்பை விட்டுவிட்டு நேராக அடுத்த அட்டையைத் தொடங்கலாம் என்றுதான் முதலில் நினைத்திருந்தேன். இப்போது ஏற்கெனவே கெடுத்து வைத்திருக்கும்போது அதற்குமேல் விளையாடலாமா? பேசாமல் ஏழு நாள் இடைவெளி விட்டு, வருவது வந்து முடிந்ததும் புதிதாகத் தொடங்குவதுதான் பத்திரம் என்று தோன்றுகிறது.

மஞ்சள்குடை, இரவு 10.22

மூன்றையும் சேர்த்துப் போட்டுவிடுங்கள் தோழி. நான் ஒருமுறை அப்படித்தான் செய்தேன். கொஞ்சம் குமட்டியது, வேறு ஒன்றும் ஆகவில்லை.

பழைய செவிலி, இரவு 10.41

மூன்று வேண்டாம். பெரிய கெடுதல் எதுவும் வராது, ஆனால் அதனால் பயனும் இல்லை, இரவெல்லாம் வயிற்றைப் பிரட்டுவதுதான் மிச்சம். குடும்பநலப் பிரிவில் 14 வருடம் வேலை பார்த்தவள் நான். இந்தக் கேள்வி வாரத்துக்கு இரண்டு முறையாவது வரும்.

இப்போதே திங்கட்கிழமை மாத்திரையைப் போடுங்கள். இன்றைய மாத்திரையையும் அதோடு போடலாம், ஒரே நாளில் இரண்டு போவதில் தவறில்லை. ஞாயிற்றுக்கிழமையுடையதைத் தொடாதீர்கள், அது போனது போனதுதான். நாளையிலிருந்து பழைய ஒன்பதரை மணி.

இனிமேல் சொல்வதைக் கவனமாகப் படியுங்கள். பத்திரம் என்று நீங்கள் நினைக்கும் அந்த ஏழு நாள் இடைவெளிதான் உங்களுக்கு ஆபத்து. சினைப்பையைத் தூங்கவைக்கத் தொடர்ந்து ஏழு நாள் மாத்திரை வேண்டும். நன்றாகத் தூங்கும் சினைப்பை ஏழு நாள் இடைவெளியைத் தாங்கும், அதற்குமேல் தாங்கும் என்று நம்ப முடியாது. உங்களுடையது இரண்டு நாள் பாதி விழித்திருக்கிறது. இன்றிலிருந்து வெள்ளி வரை மிச்சமிருப்பது நான்கே வெள்ளை மாத்திரை. அந்த நான்கோடு ஒரு வாரம் விட்டால் அது முழுதாக எழுந்து உட்கார்ந்துவிடும். அதனால் மூன்றாவது வாரத்தில் இரண்டோ அதற்கு மேலோ விட்டவர்களுக்கு நாங்கள் சொல்வது ஒன்றுதான்: வெள்ளையை முடித்த மறுநாளே அடுத்த அட்டையின் முதல் வெள்ளை. பழுப்பு குப்பைக்கு.

ஆக, மலைக்காக நீங்கள் செய்ய நினைத்ததும் விட்ட மாத்திரைக்காகச் செய்ய வேண்டியதும் ஒன்றேதான். சனிக்கிழமை புது அட்டை. திங்களன்று வழக்கம்போல் வராது.

இன்று தொடங்கி ஏழு மாத்திரை விடாமல் உள்ளே போகும்வரை, அதாவது அடுத்த திங்கள் இரவு வரை, ஆணுறை கட்டாயம். வெள்ளிக்கிழமை நடந்ததற்கு அவசர கருத்தடை மாத்திரை தேவையில்லை, அதற்கு முந்தைய ஏழு நாளும் ஒழுங்காகப் போட்டிருக்கிறீர்கள். இதே இரண்டை முதல் வாரத்தில் விட்டிருந்தால் என் பதில் வேறாக இருந்திருக்கும், ஏனென்றால் அப்போதுதான் இடைவெளி முடிந்திருக்கும்.

பின்னிரவு, இரவு 10.55

போட்டுவிட்டேன், இரண்டையும். உயிர் வந்தது. ஆனால் ஒரு மாதம் வராமலே இருந்தால் உள்ளே தேங்காதா?

பழைய செவிலி, இரவு 11.04

தேங்க ஒன்றும் இருக்காது. மாத்திரை போடுகிறவர்களுக்கு வருவது உண்மையான மாதவிடாயே இல்லை. ஹார்மோனை நிறுத்தியதால் மெல்லிய உட்சவ்வு கழன்று வருகிறது, அவ்வளவுதான். தொடர்ந்து போட்டால் அந்தச் சவ்வு தடிப்பதே இல்லை. அமெரிக்காவில் 84 நாள் விடாமல் போடும் அட்டைக்கு 2003லேயே அனுமதி கொடுத்துவிட்டார்கள். வருடத்துக்கு நான்கு தடவைதான் போக்கு. நடுவில் திட்டுத்திட்டாகப் பழுப்பாக வரலாம், அதற்குப் பயந்து மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள்.

அட்டையில் எழுதியிருப்பதை ஒருமுறை பாருங்கள். 21 வெள்ளையிலும் மருந்தின் அளவு ஒன்றாக இருக்க வேண்டும். வாரத்துக்கு ஒரு நிறம் என்று வரும் வகையில் அளவு மாறும், அதில் இப்படி நேராகத் தாவும் முன் மருந்துக்கடைக்காரரிடமோ மருத்துவரிடமோ கேட்க வேண்டும். ஈஸ்ட்ரோஜென் இல்லாத ஒற்றை ஹார்மோன் மாத்திரை போடுகிறவர்கள் நான் சொன்ன எதையும் பின்பற்ற வேண்டாம். அந்தப் பழைய வகைகளில் 3 மணி நேரம் தாமதமானாலே விட்டதாகக் கணக்கு, டெசோஜெஸ்ட்ரல் என்ற புதிய வகை என்றால் 12 மணி நேரம்.

மலை எவ்வளவு உயரம்? 4,500 மீட்டருக்கு மேல் ஒரு வாரத்துக்கும் அதிகமாக இருப்பதானால் இரத்தக்குழாயில் இரத்தம் உறையும் அபாயம் பற்றி மருத்துவரிடம் பேச வேண்டும்.

பின்னிரவு, இரவு 11.07

அய்யோ, 3,000கூட இல்லை. எல்லாம் வெள்ளை, எல்லாம் ஒரே அளவு. பார்த்துவிட்டேன்.

கடலோரம், புதன் காலை 7.30

இடையில் புகுவதற்கு மன்னிக்கவும். நான் கருத்தடை மாத்திரை போடுவதில்லை. அடுத்த வாரம் மூன்று நாள் செய்முறைத் தேர்வு. தோழி ஒருத்தி பீரியட்ஸைத் தள்ளிப்போட, தினம் மூன்று வேளை போடும் ஒரு மாத்திரை வைத்திருக்கிறாள், தருகிறேன் என்கிறாள். வாங்கிப் போடலாமா?

பழைய செவிலி, புதன் காலை 8.15

அவள் வைத்திருப்பது பெரும்பாலும் நோரெதிஸ்டிரோன் 5 மில்லிகிராமாக இருக்கும். எதிர்பார்க்கும் தேதிக்கு மூன்று நாள் முன்பே தொடங்க வேண்டும், வரத் தொடங்கிய பிறகு போட்டுப் பயனில்லை. நிறுத்திய இரண்டு மூன்று நாளில் வந்துவிடும். இப்படிப் போடுவது கருத்தடை ஆகாது என்பது பலருக்குத் தெரிவதில்லை. ஆனால் தோழியிடம் வாங்காதீர்கள். அந்த மருந்தில் ஒரு பங்கு உடம்புக்குள் போய் ஈஸ்ட்ரோஜெனாக மாறும். உங்களுக்கோ பெற்றோருக்கோ உடன்பிறந்தவர்களுக்கோ இரத்தக்குழாயில் இரத்தம் உறைந்ததுண்டா, ஒற்றைத் தலைவலி உண்டா, கர்ப்பம் இல்லை என்பது உறுதியா என்று கேட்டுவிட்டுத்தான் மருத்துவர் எழுதித் தருவார்.

மஞ்சள்குடை, புதன் காலை 9.02

இதற்கு நானே சாட்சி. எனக்குத் தலைவலிக்கு முன்னால் கண்ணில் வளைந்து வளைந்து வெளிச்சம் தெரியும். அதைச் சொன்னதும் மருத்துவர் ஈஸ்ட்ரோஜென் உள்ளது எதுவும் உனக்குக் கூடாது என்று பழைய மாத்திரையையே நிறுத்திவிட்டார். நேற்று மூன்றையும் போடச் சொன்னதற்கு மன்னித்துவிடுங்கள் பின்னிரவு.

பின்னிரவு, அடுத்த வாரம் சனி மாலை 6.40

வந்துவிட்டேன். கூடாரத்தில் இரவு ஒன்பதரைக்கு அலாரம் அடித்தால் பக்கத்தில் படுத்திருந்தவள் எழுந்து உட்கார்ந்துவிடுவாள், ஐந்து நாளும் அவளிடம் திட்டு வாங்கினேன். புதன்கிழமை லேசாகப் பழுப்பாகப் பட்டது, உள்ளாடையில் ஒரு பொட்டு அளவுக்கு. மறுநாள் அதுவும் இல்லை. வியாழன் இரவு சாப்பிட்டது ஒத்துக்கொள்ளாமல் மாத்திரை போட்ட ஒரு மணி நேரத்தில் வாந்தி எடுத்துவிட்டேன். எதற்கும் இருக்கட்டும் என்று கொண்டுபோன மூன்றாவது அட்டையிலிருந்து ஒன்றை உடைத்துப் போட்டேன். சரிதானே? அப்புறம், இந்த அட்டை முடிந்ததும் ஏழு நாள் விடலாமா?

பழைய செவிலி, சனி இரவு 8.05

சரிதான். மூன்று மணி நேரத்துக்குள் வாந்தி என்றால் இன்னொன்று போட வேண்டும். இந்த அட்டையில் 21ஐயும் விடாமல் முடித்தால் தாராளமாக ஏழு நாள் விடலாம். எட்டாம் நாள் இரவுக்கும் அலாரம் வைத்துக்கொள்ளுங்கள், அதைத்தான் எல்லாரும் மறப்பார்கள்.