38 அடிப் பாய்ப்படகு: சுக்கான் நடுவிலா, பின்னாலா?

காரைநகர்ப்பாய்:
வணக்கம். நானும் மனைவியும் மட்டுமே ஓட்டக்கூடிய பாய்ப்படகு ஒன்று தேடுகிறோம். எனக்கு 57, அவளுக்கு 54. மலேசியாவின் லங்காவியில் இரண்டு பழைய படகுகள் விற்பனைக்கு நிற்கின்றன. ஒன்று 37 அடி. சுக்கானும் இருக்கைகளும் இருக்கிற கொக்பிட் வழமைபோலப் பின்னால். மற்றது 38 அடி. கொக்பிட் நடுவில், அதற்குப் பின்னால் தனிப் படுக்கையறை. எதை வாங்கினாலும் ஜனவரி, பெப்ரவரி வாடைக்காற்றில் வங்காள விரிகுடாவைக் கடந்து திருகோணமலைக்குக் கொண்டுவந்து, காற்று ஓய்ந்த பிறகு காங்கேசன்துறைப் பக்கம் ஏற்ற எண்ணம். விலையில் பெரிய வித்தியாசம் இல்லை. எதை எடுக்கலாம்?

வல்வைக்காற்று:
நடு. யோசிக்கவே வேண்டாம். குறிகட்டுவானிலிருந்து நெடுந்தீவுக்குப் போயிருப்பீர்கள்தானே? சோழகம் (தென்மேற்குக் காற்று) எழும்பிய நாளில் முதலில் சத்தி எடுப்பவர்கள் அணியத்தில், அதாவது முன்நுனியில், இருப்பவர்கள். அடுத்தது கடைசிப் பலகையில் இருப்பவர்கள். நடுவில் இருக்கிற ஆச்சி வெற்றிலை போட்டுக்கொண்டு வருவா. அணியம் ஏறிப் பின்பக்கம் இறங்கும்போது நடு இடம்தான் மிகக் குறைவாக அசைகிறது. ஆயிரம் கடல் மைல் சொச்சத்தை ஐந்து நொட் (மணிக்கு ஐந்து கடல் மைல்) வேகத்தில் ஓடினால் ஒன்பது நாள். இரண்டே பேர், மாறி மாறிக் காவல். களைப்புத்தான் உங்கள் முதல் எதிரி.

இரண்டாவது, என்ஜின். இருபது வருடம் கப்பல் என்ஜின் அறையில் கிடந்தவன் சொல்கிறேன். நடுக் கொக்பிட் படகில் என்ஜின் கொக்பிட்டுக்குக் கீழே இருக்கும், பின்னறைக்குப் போகிற வழியில் கதவைத் திறந்தால் பக்கவாட்டில் கை போகும். பின் கொக்பிட் படகில் படிக்கட்டைக் கழற்றினால் முன்பக்கம் மட்டும் தெரியும். இம்பெல்லர் (தண்ணீர்ப் பம்பின் சுழலி) மாற்றலாம், சரி. கியர்ப்பெட்டிக்குப் பின்னால் தண்ணீர் கசிந்தால் தலைகீழாகப் படுத்துத்தான் பார்க்க வேண்டும்.

நெடுந்தீவான்:
அந்தப் படகில் கிழமைக்கு நாலு தரம் போய்வருகிறவன் நான். ஆச்சிக்குச் சத்தி வராதது அவ நடுவில் இருப்பதால் மட்டுமல்ல, கீழே இருப்பதாலும்தான். அதே ஆச்சியைத் தூக்கிக் கூரைக்கு மேல் இருத்திப் பாருங்கள், வெற்றிலை எங்கே போகிறதென்று. நடுக் கொக்பிட் என்றால் என்ஜினுக்கு மேல் உயர்த்திக் கட்டிய இருக்கை. இடமும் வலமும் உருளும்போது உயரத்தில் இருப்பவனுக்கு ஆட்டம் அதிகம்.

அண்ணை, இவர் எந்தக் காற்றில் வரப்போகிறார்? வாடை, வடகிழக்கிலிருந்து. இவர் ஓடுவது மேற்கே. காற்றும் அலையும் வலது பின்மூலையில் விழும். அந்த ஓட்டத்தில் ஏறி இறங்குவது குறைவு. ஒன்பது நாளும் உருளல்தான். உங்கள் கணக்குக் காற்றை எதிர்த்துப் போகிறவனுக்குச் சரி.

வல்வைக்காற்று:
உருளல் கணக்கை ஒத்துக்கொள்கிறேன் தம்பி. ஆனால் அதே பின்மூலை அலை ஒன்று முறிந்து ஏறி விழுந்தால் பின் கொக்பிட்டில் இருப்பவரின் மடியில்தான் விழும். நடுவில் இருப்பவருக்குப் பின்னால் தடுப்பாக ஒரு அறையே கிடக்கிறது.

நெடுந்தீவான்:
எத்தனை தரம் விழும்? ஆயுளில் ஒரு தரம் விழலாம். அணியத்தில் தெறிக்கிற தூவானம் தினமும் வரும். அது நடுவில் இருப்பவனுக்குத்தான் கிட்ட.

காரைநகர்ப்பாய்:
பேசுங்கள், நான் குறித்துக்கொள்கிறேன். பெடியள் கேட்பதற்கு முன் சொல்லிவிடுகிறேன், என்னிடம் கட்டுமரம் ஓட்டிய அனுபவம் எல்லாம் இல்லை. ஐந்து வருடம் மற்றவர்களுடைய படகுகளில் கயிறு பிடித்தவன்.

பியோர்ட்_தம்பி:
நான் நோர்வேயில் ஓட்டுகிறேன், படகு பின் கொக்பிட். இரண்டு பேரும் ஒரு விசயத்தை விட்டுவிட்டீர்கள்: நீளம். நடுக் கொக்பிட் நன்றாக அமைய இடம் வேண்டும். பிரான்சின் அமெல் சுப்பர் மராமு 16 மீற்றர். கொக்பிட் தரையைத் தூக்கினால் கீழே தனி என்ஜின் அறை. அந்த நீளத்தில் நடுவை நானும் கண்ணை மூடிக்கொண்டு எடுப்பேன். சுவீடனின் ஹால்பெர்க்-ராஸி முன்பு 36 அடியிலேயே நடுக் கொக்பிட் கட்டியது. இப்போது அவர்களின் 340, 370 இரண்டும் பின் கொக்பிட். 40 அடியில் ஒரே வெளியுடலில் இரண்டும் கிடைக்கிறது: 40சி நடு, 400 பின். கட்டுகிறவர்களே அங்கேதான் கோடு போட்டிருக்கிறார்கள் என்று நினைக்கிறேன்.

38 அடி சரியாகக் கோட்டுக்குக் கிட்ட நிற்கிறது. பின்னறைக்குப் போகிற வழியில் குனிய வேண்டும், சில படகுகளில் கிட்டத்தட்டத் தவழ வேண்டும். நடுச்சாலை (உள்ளே இருந்து கதைக்கிற, சாப்பிடுகிற இடம்) சுருங்கும். கொக்பிட் உயர்ந்ததால் பாயின் அடிமரமும் (பூம்) உயரும். அதனால் பாயைச் சுருக்கும்போது எட்டாது. இரவில், ஆடுகிற தளத்தில், 57 வயதில் அது சின்ன விசயம் இல்லை. மற்றது சாமான் இடம். பின் கொக்பிட் இருக்கைக்குக் கீழே ஆள் இறங்கக்கூடிய பெட்டகம் இருக்கும். பாய், கயிறு, மிதவை எல்லாம் அதற்குள் போகும்.

வல்வைக்காற்று:
பெட்டகத்துக்காகவா படகு வாங்குவது?

பியோர்ட்_தம்பி:
மூன்று மாதம் நனைந்த கயிற்றோடு படுத்துப் பாருங்கள் அண்ணை.

தீவகத்து_அக்கா:
எல்லோரும் ஓட்டுவதைப் பற்றியே கதைக்கிறீர்கள். படகு வருடத்தில் முக்கால்வாசி நங்கூரத்தில்தான் நிற்கும். அப்போது எங்கே படுப்பது?

நானும் கணவரும் தாய்லாந்தில் ஒரு கிழமை வாடகைப் படகில் இருந்தோம். பின் கொக்பிட். படுக்கை கொக்பிட் இருக்கைக்குக் கீழே ஒரு குகை. மூக்குக்கு மேல் ஒரு சாண் இடைவெளியில் கூரை, பக்கத்தில் என்ஜின். பகல் இரண்டு மணித்தியாலம் அது ஓடினால் இரவு பதினொரு மணிவரை சுவர் சூடு. தலைக்கு மேல் திறக்க ஒன்றும் இல்லை. மூன்றாம் நாள் நான் கொக்பிட்டில் பாய் விரித்துவிட்டேன் (பனையோலைப் பாய்தான், பயப்படாதீர்கள்). நடுக் கொக்பிட் படகின் பின்னறையில் கூரைத் திறப்பு இருக்கும். நங்கூரத்தில் படகு காற்றைப் பார்த்துத் திரும்பி நிற்கும், திறந்துவிட்டால் காற்று வரும். சித்திரை வெக்கையில் காங்கேசன்துறையில் நிற்கப்போகிறவர்களுக்கு இதுதான் முதல் கேள்வி.

ஆனால் ஒரு குறையும் சொல்ல வேண்டும். டிங்கியிலிருந்து (கரைக்குப் போய்வருகிற சின்னப் படகு) ஏறுவது. பின் கொக்பிட்டில் பின்மேடையில் கால் வைத்தால் நேரே இருக்கைக்கு வந்துவிடலாம். பின்னறை உள்ள படகில் ஏணி, பிறகு கூரை, பிறகு கொக்பிட். மனைவிக்கு முழங்கால் எப்படி?

காரைநகர்ப்பாய்:
முழங்கால் எனக்குத்தான் சரியில்லை அக்கா. அவள் மரம் ஏறுவாள்.

வல்வைக்காற்று:
1938இல் எங்கள் வல்வெட்டித்துறை ஆட்கள் அன்னபூரணிக் கப்பலை அமெரிக்காவின் குளொஸ்ரர் வரை ஓட்டிப்போனார்கள். முழங்கால், வெக்கை என்று யாரும் கேட்கவில்லை.

நெடுந்தீவான்:
எந்தத் தலைப்பு திறந்தாலும் அன்னபூரணி வந்துவிடும். அது கிட்டத்தட்ட 90 அடி வேப்பமரக் கப்பல், மாலுமிகள் கூட்டமாகப் போனார்கள். இவர் இரண்டு பேர்.

நான் கேட்க இருந்தது வேறு. இரண்டு படகும் தண்ணீருக்குக் கீழே எவ்வளவு போகும்?

காரைநகர்ப்பாய்:
37 அடிக்கு 1.9 மீற்றர். 38க்கு 1.5.

நெடுந்தீவான்:
இதை முதல் வரியிலேயே எழுதியிருக்க வேண்டும். யாழ்ப்பாணத்துப் பண்ணைக் கடலில் இடுப்பளவு தண்ணீரில் நின்று வலை வீசுகிறார்கள். அங்கே இரண்டுமே போகாது, அது கிடக்கட்டும். தீவுகளைச் சுற்றிக் கரைக்குக் கிட்ட ஒதுங்க நினைத்தால் அந்த நாற்பது சென்ரிமீற்றர் பெரிய விசயம். நான் பின் கொக்பிட் கட்சி, ஆனாலும் சொல்கிறேன்.

பியோர்ட்_தம்பி:
வெஸ்ரர்லி சென்ரோர் போல இரட்டைக் கீல் (அடியில் கீழே நீண்டு நிற்கிற பகுதி) படகு ஒன்று பார்க்கலாமே? 26 அடி, மூன்று அடித் தண்ணீர் போதும். வற்றினால் இரண்டு காலில் நிமிர்ந்து நிற்கும்.

நெடுந்தீவான்:
எங்கள் பக்கம் ஏற்றவற்றம் முழங்காலளவுதான். இங்கிலாந்து மாதிரி வற்றித் தரையில் நிற்பதும் பிறகு தானாக மிதப்பதும் இங்கே நடக்காது. தட்டினால் தட்டியதுதான், சேற்றில் இறங்கித் தள்ள வேண்டும்.

வல்வைக்காற்று:
அப்போ 38. நடு. நான் முதலே சொன்னது.

நெடுந்தீவான்:
நீங்கள் சொன்னது சத்திக் கதை. நான் சொல்வது கீல். நடு என்பதற்காக இல்லை.

காரைநகர்ப்பாய்:
அடுத்த கிழமை நேரில் போகிறோம். மத்தியானம் பன்னிரண்டு மணிக்கு இரண்டு படகிலும் மனைவி அரை மணித்தியாலம் படுத்துப் பார்ப்பாள். அக்கா, அது உங்கள் யோசனை. நான் கியர்ப்பெட்டிக்குப் பின்னால் கை விடுவேன், பூமுக்குக் கை எட்டுமா என்று பார்ப்பேன். பிறகு இரண்டையும் கடலுக்கு எடுத்துப்போய் ஓட்டிப் பார்க்கச் சம்மதித்திருக்கிறார்கள். சத்தி வந்தால் எதில் வந்தது என்று எழுதுகிறேன்.

நெடுந்தீவான்:
லங்காவியில் தீவுக்குப் பின்னால் சுற்றிக்காட்டிவிட்டுக் கூட்டிக்கொண்டு வருவார்கள். அங்கே ஆச்சியைக் கூரையில் இருத்தினாலும் ஒன்றும் ஆகாது. வெளிக்கடலுக்குப் போகச் சொல்லுங்கள். காற்றைப் பின்மூலையில் வைத்து ஒரு மணித்தியாலம் ஓட்டுங்கள், பிறகு எழுதுங்கள்.