‘தி சைலன்ட் மேன்’ பாட்டை ஏன் எல்லாரும் தாண்டிப் போகிறார்கள்?

வடக்குஜன்னல்:

அமெரிக்க மெட்டல் பேண்டான ட்ரீம் தியேட்டரின் ‘அவேக்’ ஆல்பத்தோடு ஊறிப்போனவர்களிடம் ஒரு கேள்வி.

மெட்டல் கேட்கும் என் நண்பர்கள் எல்லாரும் ‘எரோடோமேனியா’வையும் ‘வாய்ஸஸ்’ஸையும் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடுவார்கள். அதற்கு அடுத்து ‘தி சைலன்ட் மேன்’ ஆரம்பித்ததும் ஒருத்தர் கை போனுக்குப் போய்விடும். கேட்டால், “அது சும்மா இடைவேளை, ‘தி மிரர்’ வருவதற்கு முன்னால் மூச்சு வாங்கிக்கொள்ள” என்பார்கள். ஒருவர் “ரேடியோவுக்காகப் போட்டது” என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார்.

எனக்கு அந்த ஆல்பமே அந்தப் பாட்டுதான். பேண்டின் கிதார் கலைஞர் ஜான் பெட்ரூச்சி எழுதியது. அப்பாவும் மகனும் மனம்விட்டுப் பேசிக்கொள்ள முடியாமல் போவதைப் பற்றியது. என் அப்பா போனை எடுத்தால் “எப்படி இருக்க, சரி, அம்மாகிட்ட குடுக்குறேன்” என்பார். அவ்வளவுதான் பேச்சு. பாசம் இல்லாதவர் இல்லை. எனக்குக் காய்ச்சல் என்றால் ராத்திரி முழுக்கக் கதவோரம் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார். உள்ளே வந்து நெற்றியைத் தொட்டுப் பார்க்க மாட்டார். அந்த மாதிரி மனிதரைப் பற்றி ஒரு மெட்டல் பேண்ட், டிஸ்டார்ஷன் என்கிற கரகர ஒலியையெல்லாம் ஓரமாக வைத்துவிட்டு, ஒரு அக்கூஸ்டிக் கிதாரை எடுத்துப் பாடும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. கோரஸில் இன்னொரு குரலும் வந்து சேரும் இடத்தில் ஒவ்வொரு தடவையும் எனக்குத் தொண்டை அடைத்துக்கொள்ளும்.

உங்களில் யாருக்காவது அப்படி இருக்கிறதா? முன்னால் வரும் இரண்டு பாட்டையும் கேட்டால்தான் இது ஏறுமா, இல்லை தனியாகவே நிற்குமா? என் நண்பர்களுக்கு எப்படிப் போட்டுக் காட்டுவது என்றுதான் யோசிக்கிறேன்.

பேஸ்காரன்:

உங்களைப் போலவே எனக்கும். ஆனால் தனியாக எடுத்துப் போட்டுக் காட்டாதீர்கள், அதுதான் என் அனுபவம்.

மூன்றும் சேர்ந்துதான் ‘எ மைண்ட் பிசைட் இட்செல்ஃப்’. எரோடோமேனியா 6:45, வாய்ஸஸ் 9:53, சைலன்ட் மேன் 3:48. மொத்தம் இருபது நிமிடத்துக்குக் கொஞ்சம் மேல், ஒரே படைப்பு. முதலாவதில் பாடலே கிடையாது, வாத்தியம் மட்டும். அதிலேயே வாய்ஸஸ் கோரஸின் மெட்டை கிதாரில் காட்டிவிட்டுப் போகிறார்கள். அப்புறம் வாய்ஸஸ்: மதமும் பயமும் குழம்பிய ஒரு மனதுக்குள் கேட்கும் குரல்கள். பத்து நிமிடம் அந்த இரைச்சலுக்குள் நம்மை உட்கார வைக்கிறார்கள். உள்ளே இத்தனை குரல் கேட்கிற ஒருவனுக்கு, வெளியே பேச வேண்டிய ஒரே ஒரு மனிதர் வாய் திறக்கவில்லை. மூன்றாவது பாட்டு அந்த மனிதரைப் பற்றியது. நான் இதை அப்படித்தான் கேட்கிறேன். அந்தப் பத்து நிமிடத்தை வெட்டிவிட்டால், மிச்சம் இருப்பது ஒரு அழகான கிதார் பாட்டு. அழகுதான், ஆனால் அடி விழாது.

அடுத்து ‘தி மிரர்’ வருவதையும் சேர்த்துக் கேளுங்கள். பெட்ரூச்சி ஏழு தந்தி கிதாரை வைத்துத் திரும்பத் திரும்ப அடிக்கும் ரிஃப், அடித்தந்தி வயிற்றில் உதைக்கும். வரிகள் டிரம்ஸ் வாசிக்கும் மைக் போர்ட்னாயுடையவை, தன் குடிப்பழக்கத்தைப் பற்றி எழுதியது. அந்தப் பக்கம் தனக்குள் சண்டை, இந்தப் பக்கம் தனக்குள் சண்டை, நடுவில் மூன்றே முக்கால் நிமிடம் இன்னொரு மனிதரிடம் பேச ஒரு முயற்சி. இதை இடைவேளை என்று எப்படிச் சொல்ல மனசு வருகிறதோ தெரியவில்லை.

ரேடியோ பற்றி. சிங்கிளாக, அதாவது தனிப் பாட்டாக, வந்தது உண்மை, வீடியோவும் எடுத்தார்கள். 1991இல் குவீன்ஸ்ரைக் என்ற இன்னொரு மெட்டல் பேண்டின் மெதுவான பாட்டு ‘சைலன்ட் லூசிடிட்டி’ அமெரிக்கப் பட்டியலில் 9ஆம் இடம் வரை போனதிலிருந்தே, இந்த வகை பேண்ட் எது மெதுவாகப் பாடினாலும் இந்தச் சந்தேகம் வந்துவிடுகிறது. ஆனால் ட்ரீம் தியேட்டருக்கு ரேடியோவில் பெயர் வாங்கித் தந்தது எட்டு நிமிட ‘புல் மீ அண்டர்’. அவர்களுக்கு மெதுவான பாட்டு தேவைப்படவே இல்லை.

இன்னொன்று. 1997இல் வந்த ‘ஃபாலிங் இன்டு இன்ஃபினிட்டி’யில் ‘டேக் அவே மை பெய்ன்’ இருக்கிறது. பெட்ரூச்சி தன் அப்பாவின் மரணத்தைப் பற்றி எழுதியது. சைலன்ட் மேனுக்குப் பின்னால் அதைப் போட்டுக் கேளுங்கள். நான் கேட்ட அன்று வேறு எதுவும் கேட்க முடியவில்லை.

இரும்புச்செவி:

நான் தாண்டிப் போகிற ஆள் இல்லை, ஆனாலும் மாற்றுக் கருத்து உண்டு.

முன்னால் இரண்டு பாட்டு தாங்கிப் பிடித்தால்தான் நிற்கும் என்றால், அது அந்தப் பாட்டின் பலவீனம் இல்லையா? 1992இன் ‘இமேஜஸ் அண்ட் வேர்ட்ஸ்’ஸில் ‘வெயிட் ஃபார் ஸ்லீப்’ எடுத்துக்கொள்ளுங்கள். கெவின் மூரின் பியானோ, ஜேம்ஸ் லப்ரியின் குரல், இரண்டரை நிமிடம். தனியாகக் கேட்டாலும் உலுக்கும். அதே பியானோ மெட்டு அடுத்து வரும் ‘லேர்னிங் டு லிவ்’வுக்குள் திரும்ப வரும்போது இன்னொரு தடவை உலுக்கும். அதாவது தானும் நிற்கிறது, அடுத்ததையும் தூக்குகிறது. சைலன்ட் மேன் அடுத்த பாட்டுக்கு எதையும் கொடுத்துவிட்டுப் போவதில்லை.

சோகப் பாட்டு என்றால் என் ஓட்டு ‘ஹாலோ இயர்ஸ்’ஸுக்கு. ஆல்பப் பதிவைச் சொல்லவில்லை, 2004 டோக்கியோ புடோகான் கச்சேரியில் வாசித்ததைச் சொல்கிறேன். மெல்லிய பாட்டாக ஆரம்பித்து, பெட்ரூச்சி மின்கிதாரில் நீட்டி ஒரு சோலோ வாசிப்பார் பாருங்கள். வேகத்தைக் காட்ட வாசித்தது இல்லை, ஒவ்வொரு ஸ்வரத்தையும் விட மனசில்லாமல் பிடித்துக்கொண்டு வாசித்தது. மெட்டல் பிடித்தவர்களுக்கு மென்மையான பாட்டைக் காட்ட அதுதான் நல்ல வாசல் என்பேன்.

எட்டாம்கட்டை:

பாடுகிறவள் என்ற முறையில் குரலைப் பற்றி மட்டும்.

அவேக் வெளிவந்தது 1994 அக்டோபர். அந்த வருடக் கடைசியில் லப்ரி கியூபாவில் விடுமுறையில் இருந்தபோது கெட்டுப்போன சாப்பாட்டால் கடுமையான வாந்தி எடுத்து, அதில் குரல்நாண் கிழிந்துபோனது. அதன் பிறகு பல வருடம் மேல்ஸ்தாயியில் போராடியிருக்கிறார். அதற்கு முன் அவர் முழுத் தெம்போடு பாடிய கடைசி ஸ்டூடியோ ஆல்பம் இது. இதே ஆல்பத்தின் ‘இன்னசென்ஸ் ஃபேடட்’டில் உச்சிக்குப் போகிற அதே ஆள், சைலன்ட் மேனில் அந்தப் பலத்தை எடுத்து வெளியே காட்டவே இல்லை. கீழேயே நிற்கிறார், வரியின் கடைசிச் சொல்லை நீட்டாமல் விட்டுவிடுகிறார். கத்தத் தெரிந்தவர் கத்தாமல் இருப்பதில் ஒரு மரியாதை இருக்கிறது. பாடிப் பார்த்தால் தெரியும், மூச்சைக் கட்டுப்படுத்தி இப்படி மெதுவாகப் பாடுவதுதான் கஷ்டம்.

வடக்குஜன்னல், உங்கள் நண்பர்களுக்கு 2012இல் அர்ஜென்டினாவின் புவனோஸ் ஐரிஸில் எடுத்த கச்சேரிப் படம் ‘லைவ் அட் லூனா பார்க்’ போட்டுக் காட்டுங்கள். சைலன்ட் மேன் முடிந்ததும் ‘பினீத் தி சர்ஃபேஸ்’ என்ற இன்னொரு மெல்லிய பாட்டு, அடுத்தடுத்து. அர்ஜென்டினா ரசிகர்கள் கிதார் மெட்டைக்கூட விடாமல் பாடுகிறவர்கள். இது வெறும் இடைவேளை என்று யாரும் அங்கே போய்ச் சொல்ல முடியாது.

இரும்புச்செவி:

பினீத் தி சர்ஃபேஸ் பற்றிச் சொன்னதால் கேட்கிறேன். எல்லாம் சரியாகப் போய்க்கொண்டிருக்கும்போது நடுவில் ஜோர்டன் ரூடெஸ் ஒரு சின்தசைசர் சோலோ வாசிக்கிறாரே, அது உங்களுக்கு உறுத்தவில்லையா? அந்தப் பாட்டு இருக்கும் ‘எ ட்ரமாட்டிக் டர்ன் ஆஃப் ஈவென்ட்ஸ்’ ஆல்பம் வந்ததிலிருந்து ரசிகர்கள் இதற்காகச் சண்டை போடுகிறார்கள். கிதார், குரல், தந்தி வாத்தியங்களின் சாயல் என்று மனிதச் சூட்டோடு இருக்கும் பாட்டில் அந்த ஒலி மட்டும் எங்கிருந்தோ வந்து உட்கார்ந்த மாதிரி இருக்கிறது.

எட்டாம்கட்டை:

எனக்கும் முதலில் ஒட்டவில்லை, மறைக்கவில்லை. ஆனால் அந்தப் பாட்டு, நெருக்கமான இரண்டு பேர் பேசாமலேயே காலத்தை விட்டுவிட்டதைப் பற்றியது. அங்கே ஒரு வாத்தியம் மட்டும் விலகி நின்று பேசுவது பொருந்துகிறது என்றுதான் இப்போது தோன்றுகிறது. அந்த ஆல்பம் வந்தது 2011இல். 2010 செப்டம்பரில் போர்ட்னாய் விலகி, மைக் மாஞ்சினி வந்து, எல்லாரும் டிரம்ஸைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார்கள். அந்த நேரத்தில் ஆல்பத்தை இப்படி ஒரு மெல்லிய பாட்டோடு முடிக்கத் துணிச்சல் வேண்டும்.

வடக்குஜன்னல்:

எல்லாருக்கும் நன்றி. நேற்று ராத்திரி விளக்கை அணைத்துவிட்டு, பேஸ்காரன் சொன்னபடி எரோடோமேனியாவிலிருந்து ‘தி மிரர்’ வரை நிறுத்தாமல் கேட்டேன். வாய்ஸஸ் முடிந்து கிதார் தனியாக ஆரம்பிக்கும் இடத்தில், விரல் தந்தியின் மேல் நகரும் உரசல்கூட இப்போது பாட்டின் பகுதியாகத்தான் கேட்கிறது. நான் இதுவரை தனியாகவே கேட்டு அழுதிருக்கிறேன், அதனால் “அடி விழாது” என்பதை ஒப்புக்கொள்ள மாட்டேன். ஆனால் சேர்த்துக் கேட்டால் கோபமும் சேர்ந்து வருகிறது. தனியாகக் கேட்கும்போது அது இல்லை.

இரும்புச்செவி அண்ணா, புடோகான் ஹாலோ இயர்ஸ் பார்த்தேன். சோலோ பிரமாதம். ஆனால் எனக்கு அது பெட்ரூச்சியின் கையைப் பார்க்க வைக்கிறது. சைலன்ட் மேன் அவர் யாரை நினைத்து எழுதினார் என்று யோசிக்க வைக்கிறது. என் ஓட்டு இன்னும் மாறவில்லை. வருகிற வாரம் நண்பர்களுக்கு லூனா பார்க்கிலிருந்து அந்த இரண்டு பாட்டையும் போடப் போகிறேன், அந்தச் சின்தசைசர் சோலோவோடு சேர்த்துத்தான்.