ஒரே படம், வேறு வேறு பின்பக்கம்: பழைய பேஸ்பால் கார்டுகளில் எது அரிது? (அனுபவப் பகிர்வு)

பின்பக்கம்பார்

சிகரெட் பெட்டிகளில் வந்த பழைய பேஸ்பால் கார்டுத் தொகுப்பு ஒன்றுக்குச் சேகரிப்பாளர்கள் வைத்த பட்டியல் எண் டி206. அதில் டை காப் என்ற வீரருக்கு நான்கு படங்கள். அவற்றில் சிவப்புப் பின்னணியில் இருக்கும் முகப்படம்தான் அதிகம் கிடைப்பது. அதே சிவப்பு காப்பைத் திருப்பிப் பார்த்தால் பீட்மான்ட் சிகரெட் விளம்பரத்துக்குப் பதிலாக, காப்பின் பெயரிலேயே வந்த புகையிலையின் விளம்பரம் இருக்கிறது என்று வையுங்கள். உலகம் முழுக்கத் தெரியவந்தவை சுமார் இரண்டு டஜன்தான். அதிலும் ஏழு கார்டுகள் 2016-ல் ஒரே கசங்கிய காகிதப் பையிலிருந்து வந்தவை. அது டி206-ல் சேர்த்தியே இல்லை, தனி வெளியீடு என்று வாதாடுபவர்களும் உண்டு. ஆக, "சிவப்பு காப் அரிதா?" என்று மொட்டையாகக் கேட்டால் பதில் சொல்ல முடியாது.

ஒரே ஓவியமோ புகைப்படமோ பல வெளியீடுகளில் வந்த கார்டுகளைக் கையாண்டவர்கள் எழுதுங்கள். எதை வைத்துப் பிரிப்பது, எது எதைவிட அரிது, எங்கே ஏமாறுவோம் என்பதுதான் வேண்டும். தாத்தா பெட்டியில் கிடைத்த கதைகள் வேண்டாம்.

டி206-ஐ நானே தொடங்குகிறேன். 1909 முதல் 1911 வரை, 16 புகையிலை பிராண்டுகளின் பின்பக்கம். பீட்மான்ட் முதலில், ஸ்வீட் கேப்ரல் அடுத்து. இந்த இரண்டும்தான் சந்தையில் பெரும்பங்கு. போலார் பேர், சவரின், ஓல்ட் மில் நடுத்தரம். டால்ஸ்டாய், பழுப்பு ஹிந்து இன்னும் ஒரு படி மேல். கரோலைனா பிரைட்ஸ், லெனாக்ஸ், பிராட்லீஃப், உசிட், டிரம் எல்லாம் உண்மையிலேயே தேட வேண்டியவை.

பிராண்டோடு நிறுத்தாமல் "150 சப்ஜெக்ட்ஸ்", "350", "460" என்ற வரியையும் (தொகுப்பில் எத்தனை படங்கள் என்று சொல்வது) தொழிற்சாலை எண்ணையும் படியுங்கள். பீட்மான்ட் என்றாலே வர்ஜீனியாவின் 25-ஆம் எண் தொழிற்சாலைதான் வரும். வட கரோலைனாவின் 42-ஆம் எண் இருந்தால் அது வேறு மதிப்பு. பிராட்லீஃப்பில் 460, 350-ஐவிட மிக அரிது. லெனாக்ஸில் கறுப்பு மையைவிடப் பழுப்பு அரிது. ஹிந்துவில் தலைகீழ்: பழுப்பு சாதாரணம், சிவப்பு அரிது.

---

லூப்பும் கையும்

டி206 மாதிரியே இருக்கும், டி206 அல்லாத கார்டுகளையும் இங்கே சேர்க்க வேண்டும். முன்பக்க ஓவியம் அச்சு அசலாக ஒன்றுதான்.

டி213 கூப்பன்: லூசியானாவில் விற்ற சிகரெட். மூன்று வகை. முதல் வகை 1910. பெயர் பழுப்பு மையில், டி206 போலவே. ஆனால் தாள் மிக மெல்லிசு. அட்டை என்றே சொல்ல முடியாது, கையில் எடுத்தவுடன் தெரிந்துவிடும். அதனாலேயே மடிப்பு விழாத பிரதி அபூர்வம். இரண்டாம் வகையும் (1914 முதல்) மூன்றாம் வகையும் (1919) பளபளப்பான முன்பக்கம், நீல மையில் பெயர். இந்த இரண்டையும் பிரிக்கப் பின்பக்க விலை போதும்: 20 சிகரெட் 5 சென்ட் என்றால் இரண்டாம் வகை, 16 சிகரெட் 10 சென்ட் என்றால் மூன்றாம் வகை. படம் பழசு, அணியின் பெயர் மட்டும் புதுசு என்பதும் இவற்றில் நடக்கும்.

டி215 ரெட் கிராஸ்: முதல் வகை பழுப்புப் பெயர், இரண்டாம் வகை நீலப் பெயர். அதே வரிசையில் பைரட் பின்பக்கம் வந்தால் ஏலத்தில் எல்லாரும் நிமிர்ந்து உட்காருவார்கள். டி214 விக்டரியும் அப்படித்தான்.

கவனிக்க வேண்டியது ஒன்று. சாதாரண பீட்மான்ட் கார்டின் பின்தோலை உரித்துவிட்டு, நசுங்கிய டிரம் கார்டின் பின்பக்கத்தை ஒட்டி விற்பார்கள். சோதிக்கும் முறை: மைக்ரோமீட்டரில் நான்கு மூலையும் நடுவும் அளந்து, அதே காலத்து சாதாரண கார்டோடு ஒப்பிடுங்கள். ஓரத்தை 10 மடங்கு லூப்பில் (உருப்பெருக்கிக் கண்ணாடி) பக்கவாட்டு வெளிச்சத்தில் பாருங்கள். நடுவே ஒரு கோடு ஓடும். மூலைத் தேய்மானம் இரு பக்கமும் ஒரே அளவில் இருக்க வேண்டும். முன்மூலை உருண்டு, பின்மூலை கூர்மையாக இருந்தால் வைத்துவிட்டு வந்துவிடுங்கள்.

அமெரிக்கன் பியூட்டி பின்பக்கம் மட்டும் விதிவிலக்காகக் கொஞ்சம் குறுகலாகவே வெட்டப்பட்டது. அதை ஓரம் வெட்டியதென்று தள்ளிவிட வேண்டாம்.

---

எண்ணிக்கைக்காரர்

"எவ்வளவு அரிது" என்பதற்கு எல்லாரும் கார்டுக்குத் தரம் போட்டு உறையில் அடைத்துத் தரும் பிஎஸ்ஏ, எஸ்ஜிசி நிறுவனங்களின் பாப் ரிப்போர்ட்டைத்தான் (எந்தக் கார்டு எத்தனை வந்தது என்ற எண்ணிக்கை) நீட்டுகிறார்கள். அதை அப்படியே எடுத்தால் தப்புக் கணக்கு வரும். காரணங்கள்:

அரிய பின்பக்கம் உள்ள கார்டு கிழிந்திருந்தாலும் தரம் பார்க்க அனுப்பப்படும். பீட்மான்ட் பின்பக்கத்தோடு ஒரு சாதாரண வீரர், கார்டு விலையைவிடக் கட்டணம் அதிகம் என்பதால், பெட்டியிலேயே கிடக்கும். ஆகவே அறிக்கையில் தெரியும் இடைவெளி உண்மையான இடைவெளியைவிடச் சிறியது. இது அரிய கார்டுக்குப் பாதகமான பிழை.

அடுத்தது, பழைய பிஎஸ்ஏ லேபிள்களில் டி206-க்குப் பின்பக்க பிராண்டு குறிப்பிடப்படவில்லை. அந்தக் கார்டுகள் எந்தக் கணக்கிலும் பிரிந்து வராது. மூன்றாவது, கூடுதல் தரம் கிடைக்கும் என்று உறையை உடைத்து மறுபடி அனுப்புவது. ஒரே கார்டு இரண்டு மூன்றாக எண்ணப்படும். விலை உயர்ந்த கார்டில்தான் இது அதிகம்.

நான் பயன்படுத்தும் முறை: நட்சத்திரங்களை விட்டுவிடுங்கள். இரண்டு பின்பக்கத்திலும் நிச்சயம் அச்சான பத்து சாதாரண வீரர்களை எடுங்கள். அந்தப் பத்துப் பேருக்கு மட்டும் இரண்டு எண்ணிக்கையையும் கூட்டி விகிதம் பாருங்கள். உதாரணத்துக்கு ஒரு பக்கம் 400, மறுபக்கம் 8 என்றால் 50-க்கு 1. உண்மையில் அது இன்னும் பெரிதாகவே இருக்கும். 20-க்கும் குறைவாகத் தெரியவந்த கார்டு என்றால் விகிதம் எதற்கும் உதவாது. ஏலப் படங்களைச் சேகரித்து, மடிப்பு, கறை, ஓர அளவு ஆகியவற்றை வைத்து ஒவ்வொரு பிரதியாக எண்ண வேண்டும். சான்றிதழ் எண்ணை நம்ப வேண்டாம், உறை மாறினால் எண்ணும் மாறும்.

இதற்கெல்லாம் முன்னால் ஒன்று: அந்தப் படம் அந்தப் பின்பக்கத்தோடு அச்சானதா என்று பட்டியலில் பாருங்கள். "ஒன்றுகூடப் பதிவாகவில்லை" என்பது பல சமயம் "அச்சிடவே இல்லை" என்பதுதான்.

---

டாக்மன்தாசன்

மேலே சொன்ன கடைசிப் பத்திக்கு ஈ92 குடும்பம் நல்ல உதாரணம். மிட்டாய்க் கார்டுகள், 1909 சுற்று. ஒரே ஓவியங்கள், நான்கு வெளியீடுகள்: டாக்மன் 40 கார்டு, கிராஃப்ட்ஸ் கேண்டி 50, கிராஃப்ட்ஸ் கோகோ 50, நாட்ஜா 62. டாக்மனில் இல்லாத பத்துப் படங்கள் கிராஃப்ட்ஸில் உண்டு. இந்தப் பத்தின் கிராஃப்ட்ஸ் கார்டு மற்ற நாற்பதைவிட அரிது என்று பொருளில்லை. டாக்மன் என்ற மலிவான வழி அவற்றுக்கு இல்லை, அவ்வளவே. விலையில் மட்டும் அந்த வித்தியாசம் தெரியும்.

வரிசை என் பார்வையில்: டாக்மன் சாதாரணம். விளம்பரமே இல்லாத ஈ101-ம் கிடைக்கும். பிறகு நாட்ஜா, கிராஃப்ட்ஸ் கேண்டி. கோகோ அதற்கும் மேல். கிராஃப்ட்ஸ் கேண்டியில் கறுப்பு மைதான் வழக்கம். சிவப்பு மை வந்தால் தனி ஏலமே நடக்கும். அதே ஓவியங்கள் ஈ105 மெல்லோ மின்டிலும் உண்டு. தாள் மெல்லிசு, பின்பக்கம் பச்சை எழுத்து. டி216-ல் காட்டன், மினோ, வர்ஜீனியா எக்ஸ்ட்ரா என மூன்று. காட்டன் மற்ற இரண்டைவிடச் சுலபம்.

---

வெற்றுமுதுகு

1916-ன் எம்101-5, எம்101-4 பற்றி யாரும் சொல்லவில்லையே. சிகாகோவின் ஃபெலிக்ஸ் மெண்டல்சன் அச்சிட்ட 200 கார்டுத் தொகுப்புகள். பேப் ரூத்தின் 151-ஆம் எண் இதில்தான். அச்சிட்ட கார்டை எந்தக் கடையும் வாங்கிப் பின்பக்கத்தில் தன் விளம்பரத்தைப் போட்டுக்கொள்ளலாம். ஒன்றும் போடாத வெற்றுப் பின்பக்கமும் ஸ்போர்ட்டிங் நியூஸ் பத்திரிகையின் பின்பக்கமும்தான் அதிகம் கண்ணில் படுபவை. ஃபேமஸ் அண்ட் பார், கிம்பல்ஸ், மோர்ஹவுஸ் பேக்கிங், ஸ்டாண்டர்டு பிஸ்கட், ஹெர்போல்ஷைமர் என்று நீளும் மற்றவை ஒவ்வொன்றும் ஒவ்வொரு அளவு அரிது. பழைய லேபிள்களில் 1915 என்று இருக்கும். ஆண்டு பிறகுதான் 1916 என்று திருத்தப்பட்டது, கார்டு அதேதான்.

இங்கே ஆபத்து எதுவென்றால், அசல் வெற்றுக் கார்டில் இன்று ஒரு கடை விளம்பரத்தை அச்சிடலாம். தாள் அசல், முன்பக்கம் அசல், புற ஊதா விளக்கிலும் தாள் தப்பாது. பார்க்க வேண்டியது மையை: பழைய மடிப்பு, கறை இவற்றுக்கு மேல் மை ஏறியிருந்தால் அது பின்னால் வந்தது. அசலில் மடிப்பு மையை உடைத்திருக்கும்.

---

ஜாக்பெட்டி

காரமல் பாப்கார்ன் பெட்டியோடு வந்த கிராக்கர் ஜாக் கார்டுகள் சுருக்கமாக. 1914-ல் 144 கார்டு, 1915-ல் 176. பெரும்பாலான படங்கள் ஒன்றே. கார்டைப் பக்கவாட்டில் திருப்புங்கள்: பின்பக்க எழுத்து நேராக இருந்தால் 1914, தலைகீழாக இருந்தால் 1915. 1914 பெட்டிக்குள் மட்டும் வந்தது, காரமல் கறை படிந்தது. 1915-ல் 100 கூப்பனோ, ஒரு கூப்பனும் 25 சென்ட்டுமோ அனுப்பினால் முழுத் தொகுப்பும் தபாலில் வரும். அதனால்தான் சுத்தமான 1915 கிடைக்கிறது, சுத்தமான 1914 கிடைப்பதில்லை. கிறிஸ்டி மேத்யூசன் இரண்டிலும் எண் 88தான், ஆனால் படம் வேறு: 1914-ல் பந்து வீசும் படம், 1915-ல் முகப்படம். அவரை இந்த ஒப்பீட்டில் சேர்க்கக்கூடாது.

---

புதியவன்77

கொஞ்சம் பிந்தைய காலத்துக் கேள்வி, மன்னிக்கவும். 1968 நோலன் ரயன் 177-ஆம் எண் நான்கு விதமாக வந்தது என்கிறார்களே, வீட்டில் லூப் இல்லாமல் பிரிக்க முடியுமா?

---

ஒன்டாரியோவாசி

முடியும் தம்பி. ஜெர்ரி கூஸ்மனோடு சேர்ந்த அந்தக் கார்டுதானே. பின்பக்க அடிவரியைப் படியுங்கள். கனடாவில் அச்சிட்டது என்றிருந்தால் ஓ-பீ-சீ என்ற கனடா நிறுவனத்தின் வெளியீடு. அது 196 கார்டுத் தொகுப்பு, மூல அமெரிக்க வெளியீடான டாப்ஸ் 598. வெனிசுவேலாவில் தயாரித்தது என்று ஸ்பானியத்தில் இருந்தால் வெனிசுவேலா டாப்ஸ்.

இரண்டும் இல்லையா? அப்படியானால் டாப்ஸ் அல்லது மில்டன் பிராட்லி. மில்டன் பிராட்லியின் பலகை விளையாட்டுக்காக பேஸ்பால், ஃபுட்பால், ஹாட் ராட் கார்டுகளை ஒரே தாளில் அச்சிட்டார்கள். பின்பக்க மஞ்சள் கூடுதல் பளிச். சில கார்டுகளின் ஓரத்தில் பக்கத்துக் கார்டின் வெள்ளை விளிம்பு கோடாக ஒட்டியிருக்கும். மஞ்சளைத் தனியாகப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். சாதாரண 1968 டாப்ஸ் இரண்டைப் பக்கத்தில் வைத்துப் பகல் வெளிச்சத்தில் பாருங்கள்.

அரிதில் டாப்ஸ் கடைசி, அதற்கு மேல் ஓ-பீ-சீயும் மில்டன் பிராட்லியும், உச்சியில் வெனிசுவேலா. அங்கே பிள்ளைகள் கார்டை ஆல்பத்தில் பசை போட்டு ஒட்டினார்கள். பின்பக்கத் தாள் பிய்ந்திருப்பதுதான் வழக்கம், தரம் 1, 2 என்று வந்தாலே நல்ல பிரதி. பளபளப்பு கிடையாது, தாளும் மட்டம். அதனால் அங்கே "பின்பக்கம் பிய்ந்தது" என்று விலையைப் பாதியாகக் கேட்காதீர்கள், விற்பவர் சிரிப்பார்.

---

எண்ணிக்கைக்காரர்

இதோடு ஒன்று. 1975 டாப்ஸ் மினியை யாரும் அரிது என்று விற்க வந்தால் நிதானம். 660 கார்டும் அதே படங்கள், 2½ × 3½ அங்குலத்துக்குப் பதில் 2¼ × 3⅛. மிச்சிகன் பகுதியிலும் மேற்குக் கரையிலும் சோதனையாக விற்றது உண்மை. ஆனால் வந்த அன்றே வித்தியாசமானது என்று தெரிந்து பெட்டி பெட்டியாக எடுத்து வைத்துவிட்டார்கள். நல்ல நிலையில் இன்றும் கிடைக்கும்.