ஸ்காட்லாந்துக் காட்டில் பெலிஸ்காரர்கள்

கயல்: வணக்கம். இரண்டாம் உலகப்போரில் ஸ்காட்லாந்தில் மரம் வெட்ட பிரிட்டிஷ் ஹோண்டுராஸிலிருந்து, அதாவது இன்றைய பெலிஸிலிருந்து, ஆட்கள் வந்தார்களாமே? எடின்பரோவில் இத்தனை காலம் இருந்தும் யாரும் சொல்லிக் கேட்டதில்லை. ஏன் அவ்வளவு தூரத்திலிருந்து?

செந்தில்: 1940-இல் நார்வே ஜெர்மனியின் கைக்குப் போனதும் அங்கிருந்து மரம் வருவது நின்றுவிட்டது. நிலக்கரிச் சுரங்கத்தில் கூரையைத் தாங்க முட்டுமரம் வேண்டும். அது இல்லாவிட்டால் கரி இல்லை, கரி இல்லாவிட்டால் ரயிலும் ஆலையும் இல்லை. பெலிஸ்காரர்கள் மகோகனி வெட்டிப் பழகியவர்கள். 1941, 1942-இல் சுமார் 900 பேர் வந்தார்கள். ஈஸ்ட் லிண்டன், டன்ஸ் பக்கம் முகாம்கள் இருந்தன.

மீனா: செந்தில் அண்ணா, அவர்களை நடத்திய விதத்தையும் சொல்ல வேண்டும். வெப்ப நாட்டிலிருந்து வந்தவர்களுக்கு அந்தக் குளிரில் மரக் குடிசைகள்தான். உள்ளூர்ப் பெண்களோடு பழகுகிறார்கள் என்று அந்தப் பகுதியின் பெரிய நிலவுடைமையாளரான பக்லூ பிரபு 1942-இல் அரசுக்கே புகார் எழுதினார். உதவிக்கு வந்தவர்கள்மேல் இப்படியா! படிக்கும்போதெல்லாம் எனக்கு ஆத்திரம் வருகிறது. 1943-இல் அவர்களுடைய மரம் வெட்டும் பிரிவையே கலைத்துவிட்டார்கள். நிறையப் பேர் ஊர் திரும்பினார்கள், சிலர் இங்கேயே தங்கிக் குடும்பம் நடத்தினார்கள்.

கயல்: நன்றி மீனா. தங்கியவர்களில் யாராவது?

மீனா: சாம் மார்ட்டினஸ். உங்கள் எடின்பரோவில்தான் வாழ்ந்தார். 2016-இல் 106 வயதில் காலமானார். அவரிலிருந்து தேட ஆரம்பியுங்கள்.